கடைமடையில் ஒரு கஜானா

ஆஸ்திரியாவின் டிரோல் மலைநாட்டில், இன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வோர்கல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1932-இல் அங்கே நாலாயிரத்துச் சொச்சம் பேர் குடியிருந்தார்கள். இரண்டு ரயில் பாதைகள் கூடும் சந்திப்பு அது. ரயில்வே வேலை, சுற்றுவட்டாரத்துச் சிமென்ட் ஆலை, மரக்கூழ் ஆலை என்று பிழைப்புக்குக் குறைவில்லாமல் இருந்த ஊர். 1929-இல் தொடங்கிய பெருமந்தம் மெல்ல அங்கேயும் வந்து சேர்ந்தது. 1931 மே மாதம் வியன்னாவின் மிகப் பெரிய வங்கியான கிரெடிட்டான்ஸ்டால்ட் சாய்ந்தபோது நாடே ஆட்டம் கண்டது. ஆலைகள் ஆளைக் குறைத்தன. வேலை போனவர்கள் கடைசியில் நகராட்சி வாசலில்தான் வந்து நின்றார்கள்.

அப்போது ஊரின் மேயராக இருந்தவர் மிக்கேல் உன்டர்குக்கென்பெர்கர். ரயில்வே தொழிலாளியாக இருந்து பொதுவாழ்வுக்கு வந்தவர். அவர் மேசையில் கிடந்த கணக்குகளை மூன்றாகப் பிரிக்கலாம். ஊரார் கட்டாமல் விட்ட வரி நிலுவை ஒன்று. வேலையில்லாதவர்களின் பட்டியல் ஒன்று. ஊரில் செய்யாமல் கிடக்கும் வேலைகள் ஒன்று: குண்டும் குழியுமான தெரு, வெளிச்சமில்லாத வீதி, கட்ட வேண்டிய பாலம்.

இந்த மூன்றும் எந்த ஊர் அலுவலகத்திலும் உண்டு. ஆனால் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். வேலை கிடக்கிறது. செய்யக் கை இருக்கிறது. சிமென்ட் விற்காமல் தேங்கிக் கிடக்கிறது. கூலி கொடுத்தால் வாங்கியவர் கடைக்குப் போவார். கடைக்காரர் வரி பாக்கியைக் கட்டுவார். அந்த வரியிலிருந்து அடுத்த வாரக் கூலியைக் கொடுக்கலாம். செக்கு இருக்கிறது, எள் இருக்கிறது, மாடும் இருக்கிறது. நுகத்தடியைக் காணோம். பணம்தான் அந்த நுகத்தடி. பயந்த காலத்தில் அது பெட்டிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். விலை இன்னும் இறங்கும் என்று தெரிந்த பிறகு யாருக்கும் இன்றைக்கே செலவழிக்க மனம் வராது.

உன்டர்குக்கென்பெர்கர் சில்வியோ கெசெல் என்பவரின் எழுத்துகளைப் படித்தவர். அர்ஜென்டினாவில் வணிகம் செய்த ஜெர்மானியரான கெசெல், ஓர் எளிய கேள்வியை வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தானியம் உளுத்துப்போகிறது, இரும்பு துருப்பிடிக்கிறது, துணி நைந்துபோகிறது. பணம் மட்டும் ஏன் அப்படியே இருக்க வேண்டும்? காத்திருப்பதால் பணக்காரனுக்கு நட்டமில்லை, சரக்கு வைத்திருப்பவனுக்கு நட்டம். பணத்தையும் உளுத்துப்போக வைத்தால் அது கையில் நிற்காது என்பது அவர் எண்ணம்.

1932 ஜூலையில் வோர்கல் நகராட்சி தன் சொந்தச் சீட்டுகளை அச்சிட்டது. உழைப்பின் மதிப்புக்குச் சான்று என்ற பொருளில் பெயரிட்டு, 1, 5, 10 ஷில்லிங் மதிப்புகளில் வெளியிட்டது. சீட்டுக்கு ஈடான ஷில்லிங்கை உள்ளூர்க் கூட்டுறவு வங்கியில் போட்டு வைத்தது. ஒவ்வொரு மாதமும் சீட்டின் மதிப்பில் நூற்றுக்கு ஒன்று குறையும். அதை ஈடுகட்ட நகராட்சியில் ஒரு வில்லை வாங்கிச் சீட்டில் ஒட்ட வேண்டும். ஒட்டாத சீட்டு முழு மதிப்புக்குச் செல்லாது. வருடத்துக்கு 12 விழுக்காடு தேய்மானம். மாதக் கடைசியில் சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் வில்லைச் செலவு. ஆகவே எல்லோரும் மாதம் முடிவதற்குள் அதைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். கடையில் செலவழித்தது போக மிச்சமிருந்தால் தள்ளிவிட வசதியான இடம் ஒன்று இருந்தது: நகராட்சியின் வரி வசூல் மேசை.

வருடக்கணக்கில் கட்டாமல் கிடந்த நிலுவை வரத் தொடங்கியது. சிலர் வரப்போகும் தவணையையும் முன்கூட்டியே கட்டினார்கள். ஊர் அலுவலகம் பார்த்த மக்களுக்குத் தெரியும், வரி கட்டுகிறவர் தானாக முன்வந்து அடுத்த தவணையையும் கட்டுவது எவ்வளவு அபூர்வம் என்று! வந்த சீட்டு அடுத்த வாரமே மீண்டும் கூலியாகப் போனது. ஒரே நேரத்தில் ஊரில் புழங்கிய சீட்டுகளின் மொத்த மதிப்பு ஐயாயிரத்துச் சொச்சம் ஷில்லிங்தான் இருக்கும். அந்தச் சிறு தொகை சுற்றிச் சுற்றி வந்ததில் தெருக்கள் சீராயின, விளக்குகள் வந்தன, பனிச்சறுக்குத் தாவுமேடை எழுந்தது, பாலம் எழுந்தது. அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் இதைக் கவனித்து 1933-இல் இத்தகைய வில்லைச் சீட்டுகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆஸ்திரியாவின் மற்ற ஊர்களும் தாங்களும் அச்சிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்தன.

அங்கேதான் கதை முடிந்தது. பணம் வெளியிடும் உரிமை ஆஸ்திரிய தேசிய வங்கிக்கு மட்டுமே உண்டு. 1933 செப்டம்பரில் சீட்டுகள் தடை செய்யப்பட்டன. ஊர் வழக்காடித் தோற்றது.

வோர்கல் கதையை மந்திரக்கோல் போலச் சொல்கிறவர்கள் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது ஒரே ஊர், ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலம். வெளியூர்ச் சரக்குக்கு அப்போதும் நிஜ ஷில்லிங்தான் வேண்டியிருந்தது. சீட்டுக்கு மதிப்பிருந்த காரணமும் எளிது: நகராட்சி அதை வரியாக வாங்கிக்கொண்டது. ஆனாலும் அந்த ஊர் ஒன்றை வெட்டவெளிச்சமாக்கிவிட்டது. ஓர் ஊரின் வரவுசெலவை நாம் உண்டியல் என்று நினைக்கிறோம்; இருப்பதைக் கொண்டு செலவு, இல்லாவிட்டால் இல்லை. அது வாய்க்கால். ஓடினால்தான் தண்ணீர். நெருக்கடி வந்தால் அந்த வாய்க்கால் வறளும் விதம், அது எந்த நாட்டு ஊரானாலும், வியப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரி இருக்கிறது.

டெல்டாக்காரர்களிடம் கடைமடை என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, ஆறு, கிளை ஆறு, வாய்க்கால் என்று தாண்டி, கடைசி வயலுக்குத் தண்ணீர் வருவதற்குள் நாற்றங்கால் காய்ந்துவிடும். அணையில் ஓரடி குறைந்தால் கடைமடையில் ஒன்றுமே வராது. அரசுப் பணத்தின் கடைமடை உள்ளாட்சி. மத்திய அரசுக்குக் கடன் வாங்கும் வலு உண்டு, பின்னால் மத்திய வங்கி உண்டு. மாநிலத்துக்கு ஓரளவு கடன் வாங்கலாம். ஊருக்கு அதுவும் இல்லை. இந்தியாவில் உள்ளாட்சி கடன் வாங்க வேண்டுமென்றால் மாநில அரசின் அனுமதி வேண்டும். அமெரிக்காவிலும் அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்காமல், வரவுக்குள் செலவை அடக்கியே தீர வேண்டும் என்பதுதான் ஏறக்குறைய எல்லா நகரங்களுக்கும் விதி.

இந்த விதி கொடுமையாகத் தெரிந்தாலும் காரணமில்லாமல் வந்ததல்ல. நியூயார்க் நகரம் பல ஆண்டுகள் குறுகிய காலக் கடன் வாங்கி அன்றாடச் செலவைச் சமாளித்து வந்தது. பழைய சீட்டை அடைக்கப் புதுச் சீட்டு. 1975 வசந்த காலத்தில் வங்கிகள் போதும் என்று கையை விரித்தன. அக்டோபர் 17-ஆம் தேதி, தவணை கட்ட வேண்டிய கடைசி மணிநேரத்தில், ஆசிரியர் சங்கம் தங்கள் ஓய்வூதிய நிதியிலிருந்து 15 கோடி டாலரை நகரத்துக்கு உதவ அமைத்த கழகத்தின் கடன் பத்திரங்களில் போடச் சம்மதித்ததால்தான் நகரம் அன்று திவாலாகாமல் தப்பியது. உலகத்தின் பணத்தலைநகர் என்று பெயரெடுத்த ஊரைப் பள்ளிக்கூட வாத்தியார்களின் சேமிப்பு காப்பாற்றியது.

ஊருக்கு வரும் பணம் பல வாய்க்கால்களில் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம். விற்பனையை ஒட்டிய வரி, பத்திரப் பதிவை ஒட்டிய வரி ஆகியவை மந்தம் தொடங்கிய மாதமே சரியும். மேலிருந்து வரும் மானியம் அடுத்த நிதியாண்டில் குறையும். சொத்து வரிதான் விசித்திரம். அமெரிக்காவில் வீட்டின் சந்தை மதிப்பை அவ்வப்போது கணக்கெடுத்து, அதன் மேல் வரி போடுகிறார்கள். மதிப்பீடு பழையதாக இருக்கும், மேல்முறையீடு நடக்கும், சட்டப்படி ஏற்றத்துக்கு உச்சவரம்பும் இருக்கும். அதனால் வீட்டு விலை சரிவது வரிக் கணக்கில் தெரிய ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அங்கே வீட்டு விலை 2006-இல் உச்சத்தைத் தொட்டு இறங்கியது. 2008-இல் வங்கிகள் சரிந்தன. நகரங்களின் சொத்து வரி வரவோ 2009 வரைக்கும் ஏறிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகுதான் இறங்கியது. தொலைதூர விண்மீன் அணைந்த பிறகும் அதன் ஒளி நம்மை வந்து அடைகிறதே, அப்படி.

இந்தத் தாமதம் ஒரு விதத்தில் வரம். நாடு சரியும்போது ஊர் கொஞ்ச காலம் நிமிர்ந்து நிற்கும். இன்னொரு விதத்தில் சாபம். நாடு எழுந்து நடக்கத் தொடங்கி, செய்தித்தாள்கள் மீட்சி என்று எழுதும் நேரத்தில்தான் ஊரின் கஜானா காலியாகும். அமெரிக்காவில் மந்தம் அதிகாரபூர்வமாக முடிந்தது 2009 ஜூன் மாதம். உள்ளாட்சி வேலைகள் அதற்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் குறைந்துகொண்டே போயின. 2008-க்கும் 2013-க்கும் இடையே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் மறைந்தன. பெரும்பகுதி பள்ளிக்கூடங்களில்.

வெட்டு எங்கே விழும் என்பதிலும் ஒரு வரிசை உண்டு. ஓய்வு பெற்றவரின் இடம் முதலில் நிரப்பப்படாது. அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். பிறகு நூலக நேரம் குறையும். பிறகு சாலை. சாலைதான் மிகவும் வசதி, ஏனென்றால் இந்த ஆண்டு தார் போடாவிட்டால் சாலை வழக்குப் போடாது. ஆனால் மழைக்கு முன் மொட்டைமாடி வெடிப்பை அடைக்காமல் விட்ட வீட்டுக்காரருக்குத் தெரியும், மிச்சப்படுத்திய பணம் எத்தனை மடங்காகப் பிறகு போகும் என்று. ஊர்கள் வாங்கும் மிகப் பெரிய கடன் இதுதான் என்று நினைக்கிறேன். எந்தக் கடன் பத்திரத்திலும் அது எழுதப்படுவதில்லை. ஓட்டை விழுந்த குழாயிலும் பெயர்ந்த பாலத்திலும் வட்டியோடு சேர்ந்துகொண்டிருக்கிறது.

வெட்ட இடமே இல்லாத ஊர் என்ன ஆகும்? கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டி வலேகோ என்று ஒரு நகரம். ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள்தொகை. அங்கிருந்த கடற்படைக் கப்பல் கட்டும் தளம் 1996-இல் மூடப்பட்டது. பிறகு வீடு கட்டும் தொழில்தான் ஊரைத் தாங்கியது. நகரின் பொதுநிதியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு காவல், தீயணைப்பு ஊழியர்களுக்கே போனது, அதுவும் ஒப்பந்தப்படி. வீட்டு விலை சரிந்ததும் மிச்சமிருந்த கால் பங்கில் எதை வெட்டியும் தீரவில்லை. 2008 மே மாதம் நகரம் திவால் மனு கொடுத்தது.

கடன் கொடுத்தவர்கள் நகராட்சிப் பூங்காவை ஜப்தி செய்துகொண்டு போக முடியாது. ஆகவே நகரங்களுக்கென்று தனித் திவால் சட்டம் அமெரிக்காவில் 1934-இல், பெருமந்தத்தின் நடுவே பிறந்தது. இரண்டே ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது; மாற்றி எழுதப்பட்ட சட்டத்தை 1938-இல் ஏற்றுக்கொண்டது. அந்தச் சட்டத்தின் நிழலில் வலேகோ மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழித்தது. காவலர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. தீயணைப்பு நிலையங்கள் மூடப்பட்டன. 2011-இல் வெளியே வந்தபோது, விற்பனை வரியை நூற்றுக்கு ஒன்று கூட்டிக்கொள்ளலாமா என்று நகரம் தன் மக்களிடமே வாக்குக் கேட்டது. மயிரிழையில் சம்மதம் கிடைத்தது. அடுத்த ஆண்டு, அந்த வரவில் ஒரு பங்கை எதற்குச் செலவிடுவது என்று குடிமக்களே கூடிப் பேசி வாக்களித்து முடிவு செய்யும் முறையை நகர் முழுவதற்கும் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் ஒரு நகரம் முழுவதும் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. எல்லாம் இழந்த ஊர் கடைசியில் கணக்கு நோட்டை மக்கள் முன் விரித்துவைத்தது. வலேகோவைப் பற்றிப் படித்ததில் என்னை நிறுத்திவைத்த இடம் இதுதான்.

ஒவ்வொரு ஊரும் தன்னளவில் நியாயமாகத்தான் நடந்துகொள்கிறது. வரவு குறைந்தால் செலவைக் குறை என்பது குடும்பத்துக்குச் சரியான புத்தி. ஆயிரக்கணக்கான ஊர்கள் ஒரே ஆண்டில் அதைச் செய்தால் என்ன ஆகும் என்பதை 1944-இல் ஆல்வின் ஹான்சன், ஹார்வி பெர்லாஃப் என்ற இருவர் எழுதினார்கள். நல்ல காலத்தில் ஊர்கள் செலவைக் கூட்டுகின்றன, கெட்ட காலத்தில் குறைக்கின்றன. ஏற்றத்தை இன்னும் ஏற்றி, பள்ளத்தை இன்னும் ஆழமாக்குகின்றன. 1956-இல் கேரி பிரௌன் என்ற பொருளியலாளர் 1930-களின் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு வாரி இறைத்தது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அந்த உந்துதலில் பெரும்பகுதியை மாநிலங்களும் ஊர்களும் வரியைக் கூட்டியும் செலவைச் சுருக்கியும் ஈடுகட்டிவிட்டன என்று அவர் காட்டினார். ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று முன்னால் இழுக்க, மற்றது பின்னால் இழுத்திருக்கிறது.

அந்தப் பாடம் ஏற மிக நீண்ட காலம் பிடித்தது. 2020-இல் கொரோனா ஊர்களை முடக்கியபோது அமெரிக்க மத்திய அரசு அதை நினைவில் வைத்திருந்தது. 2021 மார்ச்சில் 35,000 கோடி டாலரை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பிரித்துக் கொடுத்தது. மிகச் சிறிய ஊருக்கும் ஒரு பங்கு போனது. வண்டி மாட்டைத் திட்டுவதை விட்டுவிட்டு அதற்குத் தீனி போட்டார்கள்.

நம் ஊர் அலுவலகத்தின் ஏட்டில் மூன்று பத்திகள் இருக்கும்: கேட்பு (கட்டச் சொல்லும் தொகை), வசூல், நிலுவை. அமெரிக்க நகரத்தின் சொத்து வரியில் மந்தம் விழும் இடம் கேட்பு. நமக்கு விழும் இடம் வசூல். நம் வீட்டு வரி சந்தை விலையோடு ஓடுவதில்லை. சென்னையில் 1998-இலும் மற்ற ஊர்களில் 2008-இலும் செய்த சீராய்வுக்குப் பிறகு, 2018-இல் செய்த உயர்வு மறு ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டு, 2022-இல்தான் வரி நிலையாக உயர்ந்தது. ஏறாத வரி இறங்கவும் இறங்காது. ஆனால் தறி நின்றுபோன வீட்டிலிருந்து பில் கலெக்டர் என்ன வசூலிப்பார்? கேட்பு அப்படியே நிற்க, நிலுவைப் பத்தி மட்டும் நீண்டுகொண்டே போகும்.

2020 வசந்தத்தில், கொரோனா ஊரடங்கில், மற்ற வாய்க்கால்களும் ஒருசேர அடைபட்டன. பத்திரப் பதிவு சில வாரங்கள் அடியோடு நின்றது. பத்திரத்தில் உள்ளாட்சிக்கென்று வசூலாகும் 2 விழுக்காடும் நின்றது. திரையரங்குகள் எட்டு மாதம் பூட்டிக் கிடந்தன. கேளிக்கை வரி இல்லை. சந்தைக் கடைகளுக்கு வாடகை கேட்க முடியவில்லை. அதே மாதங்களில்தான் தூய்மைப் பணியாளர்கள் ஒரு நாளும் விடுப்பில்லாமல் தெருத்தெருவாக மருந்து தெளித்தார்கள். செலவு கூடி வரவு மறைந்த அந்த ஆண்டில், தமிழ்நாட்டின் நகரங்களிலும் பேரூராட்சிகளிலும் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. எந்தத் தெருவுக்கு முதலில் விளக்கு, எந்த வாய்க்காலுக்குப் பிறகு தூர் என்று கூடிப் பேச ஒருவரும் இல்லாத கடைமடை. இந்திய நகராட்சிகளின் மொத்த வரவு நாட்டின் உற்பத்தியில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே ஆண்டுக்கணக்காக நிற்கிறது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் சுட்டிக்காட்டியது. இவ்வளவு ஒல்லியான உடம்பில் வெட்டுவதற்குச் சதை எங்கே இருக்கிறது?

கிராமத்துக் கதை வேறு மாதிரி ஓடியது. பட்டணத்திலிருந்து நடந்தும் லாரி ஏறியும் ஊர் திரும்பியவர்களுக்கு ஊராட்சியின் கையில் ஒரு கருவி ஏற்கெனவே இருந்தது: நூறு நாள் வேலை. அதற்கு மத்திய அரசு அந்த ஆண்டு கூடுதலாக 40,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. நாடு முழுவதும் 2020-21-இல் 389 கோடி மனித நாள் வேலை நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு 265 கோடி. குறைகள் நிறைய உண்டு. கூலி தாமதமாக வந்த ஊர்கள் ஏராளம். இருந்தும், மந்தத்தில் சுருங்க வேண்டிய கடைமடையில் அந்த ஆண்டு தண்ணீர் கூடுதலாக வந்தது. வேலை கேட்டவருக்கு வேலை என்று சட்டத்திலேயே எழுதியிருந்ததால், கேட்பவர்கள் பெருகப் பெருக மடையும் அகலத் திறந்தது. வோர்கலின் மேயர் சீட்டு அச்சடித்துச் செய்ய முயன்ற காரியத்தை இங்கே ஒரு சட்டம் செய்தது.

நகரத்துக்கு அப்படி ஒரு சட்டம் அன்றும் இல்லை. கொரோனாவுக்குப் பின் பொருளாதாரத்தை மீட்க வழி சொல்லத் தமிழ்நாடு அரசு சி. ரங்கராஜன் தலைமையில் அமைத்த குழு, நகர்ப்புறத்துக்கும் வேலைத் திட்டம் வேண்டும் என்றது. 100 கோடி ரூபாயில் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்று முன்னோட்டமாகத் தொடங்கியது. சென்னையில் இரண்டு மண்டலங்கள், மற்ற மாநகராட்சிகளில் ஒவ்வொரு மண்டலம், சில நகராட்சிகள், சில பேரூராட்சிகள். குளத்தைத் தூர்வாருவது, மழைநீர் வடிகாலைச் சுத்தம் செய்வது, பூங்காவைப் பராமரிப்பது, மரம் நடுவது என்று வேலைகளைப் பட்டியலிட்டார்கள். வேலைக்கு வந்தவர்களில் பெண்கள் நிறைய. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவர்கள் வாய்க்காலுக்குள் இறங்கி, ஆண்டுக்கணக்கில் படிந்து கிடந்த சேற்றை அன்னக்கூடையில் அள்ளிக் கரையில் கொட்டினார்கள்.